லிட்டருக்குப் பத்தொன்பதரை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எங்கள் வீட்டில் தீர்ப்பானது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டில். தீர்ப்புச் சொன்னவர் என் கணவரின் அண்ணன். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்.

"வண்டி டீசல தண்ணி மாதிரி குடிச்சிக்கினு இருக்குதும்மா. தம்பி ஓட்டின காலத்துல லிட்டருக்குப் பதினெட்டு குடுத்த வண்டி. உன் கைக்கு வந்ததும் பதிமூணு. பதிமூணுன்னா இன்னா அர்த்தம்? பேசாம ஒரு லாரிய வாங்கி நிறுத்தியிருக்கலாம்."

அவர் மகன் சிரித்தான். இருபத்தெட்டு வயது, போனில் பட்டுச்சேலை விற்கிறவன், அப்பா சொல்லும் எல்லா நகைச்சுவைக்கும் சிரிக்கிறவன். என் கணவர் அப்பளத்தை உடைத்தார்.

"பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்போம்" என்றார் அண்ணன். "அப்பவும் பதினெட்டு வரலேன்னா வித்துட வேண்டியதுதான். நீ பஸ்ஸுல போம்மா. ஊருல எத்தினி டீச்சருங்க பஸ்ஸுல போறாங்க."

"சரி மாமா, பாத்துடலாம்" என்றேன். கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அதன் விளிம்பு நெளிகிற அளவுக்குத் தேய்த்தேன்.

எங்களுடையது பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூட்டுக் குடும்பம். பின்கட்டில் மூன்று தறி ஓடுகிறது, மூன்றுக்கும் மாமாதான் எல்லாம். என் கணவர் அவருக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். பள்ளிக்கூடம் மாகறலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. கார் என் சம்பளத்தில் கடன் போட்டு வாங்கியது, பழைய டீசல் கார். முதலில் கணவர்தான் ஓட்டினார். சர்க்கரை அவர் கண்ணைத் தொட்டு, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், நாற்பத்தொரு வயதில் நான் எல் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்.சி. புத்தகம் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த விஷயம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டைப் பொறுத்தவரை சாவி மாமாவின் பூஜை அறையில் ஆணியில் தொங்கும். காலையில் அங்கிருந்து இறங்கும், மாலையில் நான் திருப்பி மாட்டுவேன்.

பஸ்ஸில் போகிற டீச்சர்களை எனக்குத் தெரியும். நானும் போனவள்தான். இரண்டு பஸ் மாறி, இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, கடைசி மணி அடிக்கும்போதே திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டவள். அந்தச் சிரமத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது வேறு. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், அந்தக் காருக்குள் நான் தனியாக இருக்கிறேன். காபி யாரும் கேட்பதில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு அறை இருந்ததில்லை, அந்த எண்பது நிமிடம்தான் இருந்தது. அதை ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஒருவர் விற்றுவிடுவாரா? விட்டேனா பார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை நேராக செவிலிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். "ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டுங்க மேடம், நான் பக்கத்துல வர்றேன்" என்றார். பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்சின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. ஆனா மேடம், உங்க லெஃப்ட் காலு கிளட்ச் மேலயே குடித்தனம் பண்ணுது. அப்புறம், வண்டி மூணாவது கியர்ல கத்து கத்துன்னு கத்துது, நீங்க நாலாவது போடவே மாட்டேன்றீங்க. டீசல் இஞ்சினுக்கு அவ்ளோ கத்தல் வேணாம். மெதுவா சுத்தும்போதே அதுக்கு நல்ல பலம் இருக்குது."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மாமா சொன்னது முழுப் பொய்யில்லை என்பதை ஒரு அந்நியர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் பாய் அதோடு விடவில்லை. ஏர் ஃபில்ட்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். உத்திரமேரூர் ரோட்டில் ஓடும் ஜல்லி லாரிகளின் புழுதி மொத்தமும் அதில் இருந்தது. டயர் நான்கிலும் காற்றுக் குறைவு. கூரைமேல் இருந்த இரும்பு கேரியரைப் பார்த்து, "இது எதுக்கு மேடம் தலைல? காத்தோட சண்ட போடறதுக்கா?" என்றார். சொந்தத்தில் ஒரு கல்யாணச் சீர்வரிசைக்காக மாமா மாட்டிய கேரியர் அது. கல்யாணம் முடிந்து நான்கு வருஷம் ஆகியும் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

அங்கேயே கழற்றச் சொன்னேன். டிக்கியையும் திறந்து பார்த்தேன். மாமாவின் பழைய இரும்புச் சாமான்கள், ஏதோ ஒரு கும்பாபிஷேகத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்காத அண்டா, நான் திருத்திய மூன்று வருஷத்து விடைத்தாள் கட்டுகள். விடைத்தாள் என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். அண்டாவையும் இரும்பையும் அன்று மாலை கூடத்தின் நடுவில் இறக்கி வைத்தேன். "இது இன்னாத்துக்கு இங்க?" என்று மாமா கேட்டார். "தினமும் இதுங்கள நான் பள்ளிக்கூடம் கூட்டிக்கினு போனேன் மாமா. இனிமே வீட்டுல இருக்கட்டும்" என்றேன்.

பிறகு அளவை முறையாக ஆரம்பித்தேன். மாமாவின் மைலேஜ் கணக்கு டேஷ்போர்டு முள்ளை வைத்துத்தான். முள் இறங்கிவிட்டால் வண்டி குடிக்கிறது என்று முடிவு. கணக்கு டீச்சர் வீட்டில் இந்த அநியாயம். ஓரிக்கைப் பக்கம் ஒரே பங்க், ஒரே பம்ப் என்று வைத்துக்கொண்டேன். அங்கே டீசல் போடும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். டேங்க் நிறைந்து குழாய் தானாக ஒருமுறை நிற்குமே, அத்தோடு நிறுத்திவிட வேண்டும், ரவுண்டாக வரட்டும் என்று மேலே மேலே அமுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மீட்டரைச் சைபராக்கிவிட்டு ஓட்டுவேன். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பேன். ஏழாம் வகுப்புக் கணக்கு.

"எதுக்கு டீச்சர் இவ்ளோ கரெக்டா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வீட்டுல ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்."

"அப்போ ஒரு சொட்டு கூட அதிகம் வுழாது, நான் பாத்துக்கறேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெண்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஓட்டுவதை நான் மறுபடி கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இடது காலைக் கிளட்சிலிருந்து பிடுங்கி ஓரமாக வைக்கவே ஒரு வாரம் பிடித்தது. இஞ்சின் முனக ஆரம்பிக்கும் முன்பே கியரை மாற்றினேன். ரோட்டில் அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே ஒரே சீராகப் போனேன். முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதை விட்டு, ரோடு வளையும் இடம் வரை பார்த்தேன். அங்கே மாட்டுவண்டி திரும்புகிறதா, இங்கேயே காலை எடுத்துவிடுவேன். பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே எரித்த டீசலைத் தூக்கி எறிகிறோம் என்பது புரிந்தபின் பிரேக்கைத் தொடவே மனசு வரவில்லை. அவசரத்துக்குத் தொட்டேன், கஞ்சத்தனத்துக்காக யார்மேலும் மோதவில்லை.

மாமாவின் மகன் ஒருநாள் என்னோடு காரில் வந்தான். "சித்தி, எறக்கத்துல நியூட்ரல் போட்டுடுங்க, ஃப்ரீயா போவும், செம்ம மைலேஜ்" என்றான். ஊரில் பாதிப் பேர் நம்பும் விஷயம் இது. நியூட்ரலில் இஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கவே டீசல் குடிக்கும். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் போகாது, வண்டியும் கட்டுக்குள் இருக்கும். இதை நான் விளக்கினேன். "யூட்யூப்ல அப்படி சொல்லலியே" என்றான். நான் வகுப்பெடுப்பவள், யூட்யூப் இல்லை என்றேன்.

பின்னால் வரும் டிப்பர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். ஒருவன் தாண்டும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "வீட்டுல சமைக்கப் போம்மா" என்றான். சமைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். களக்காட்டூர் தாண்டியதும் அதே டிப்பர் ரயில் பெட்டி மாதிரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. நான் நிற்காமல் ஊர்ந்தபடியே போய் அதன் பின்னால் சேர்ந்தேன். அவன் அவ்வளவு பாய்ந்ததும் இதற்குத்தானா? எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊருக்குள் காந்தி ரோடு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். டூரிஸ்ட் பஸ்ஸும், காருக்குக் குறுக்கே கை நீட்டிச் சேலைக் கடைக்குக் கூப்பிடும் புரோக்கர்களுமாக அங்கே பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். சுற்றுவழி ஒரு கிலோமீட்டர் கூடுதல், ஆனாலும் நிற்காமல் போகலாம். டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி சூடேறும் முன் பார்த்தேன்.

பதிமூன்று பதினைந்தாயிற்று. பதினைந்து பதினாறாயிற்று. மாசி பிறந்தது, பதினாறிலேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் ஒரு புள்ளி நகரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மாமா, "எவ்ளோம்மா?" என்று கேட்பார். "பதினாறு." "ம். பங்குனி வந்துக்கினே இருக்குது" என்பார். எனக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொன்னால், பஸ் டைமைக்கூட ஒருநாள் விசாரித்து வைத்தேன். விசாரித்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவும் அக்காவும், அதாவது அவர் மனைவியும், பதினைந்து நாள் காசி யாத்திரை போனார்கள். அவர்கள் ரயிலேறிய நாளில் டேங்க் நிரப்பினேன். அவர்கள் திரும்பும் முன்தினம் மறுபடி நிரப்பினேன். அதே பங்க், அதே அம்மா, முதல் தடவை நின்றதோடு சரி. வகுத்துப் பார்த்தேன். தப்பாக வகுத்துவிட்டேன் என்று மறுபடி வகுத்தேன். பங்க் அம்மாவிடம் போனைக் கொடுத்து அவரையே போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"பத்தொம்போதரை டீச்சர்" என்றார்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன். இந்தப் பதினைந்து நாளில் நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அதே ரோடு, அதே கார். எது மாறியது? யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. மாறியது மாமா. அவர் தினமும் செய்யும் ஒரு காரியம் இந்தப் பதினைந்து நாளும் நடக்கவில்லை.

நான் பள்ளிக்குக் கிளம்புவது ஏழே முக்காலுக்கு. மாமா ஏழேகாலுக்கே குளித்து, திருநீறு பூசி, காருக்கு முன்னால் கற்பூரம் காட்டி, சாவியைத் திருப்பி இஞ்சினை ஓட விட்டுவிடுவார். சூடேறட்டும் என்று. எனக்கு உள்ளே புழுங்கக் கூடாது என்று ஏ.சி.யையும் போட்டு வைப்பார். அதன்பின் அணைக்கவே மாட்டார். தறிக்குப் பூஜை போட்டு உட்கார்ந்தால் ஒரு விரற்கடையாவது நெய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதே சட்டத்தைக் காருக்கும் போட்டுவிட்டார். கற்பூரம் பார்த்த வண்டி புறப்படாமல் அணையக் கூடாது, அணைந்தால் அபசகுனம். தெருவில் பாவு விரிக்கும் நாட்களில் இன்னும் மோசம். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். அது சுருட்டப்படும்வரை எந்த வண்டியும் நகர முடியாது. அந்த நேரம் முழுக்க என் கார் வாசலில் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்.

நான் தலை பின்னிக்கொண்டு வெளியே வரும்போது கார் குளுகுளுவென்று தயாராக இருக்கும். எட்டு வருஷமாக அதற்காக அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியதுதான். நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு மைலேஜ் சைபர் என்பது அறிவியல் டீச்சருக்கு உறைக்க மாமா காசிக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் வந்து இறங்கி, எல்லோருக்கும் கங்கை நீர் கொடுத்து முடித்ததும் சொன்னேன். "மாமா, நாளையிலேர்ந்து நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்."

"ஏம்மா? உனக்காகத்தானே பண்றேன்."

"தெரியும் மாமா. ஆனா நீங்க இல்லாத பதினஞ்சு நாளும் பத்தொம்போதரை வந்துச்சு. தினமும் அரைமணி நேரம் வாசல்ல சும்மா ஓடுது பாருங்க, அதுலதான் டீசல் போவுது."

அவர் முகம் மாறியது. "காலைல பட்டு நூலே விறைச்சிக்கினு இருக்குது. நாம நீவி எதம் பண்ணித்தான் தறில உக்கார்றோம். இரும்புக்கு மட்டும் எதம் வேணாமா?"

"நூல் வேற, இஞ்சின் வேற மாமா. ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் போதும். மொத ரெண்டு கிலோமீட்டர் மெதுவா ஓட்டினா ஓடிக்கினே சூடாயிடும். நின்னுக்கினு ஓடினா சூடேற இன்னும் நேரமாவும்."

"அப்போ சாமி கும்பிடறது தப்புன்றியா?"

"கற்பூரம் காட்டுங்க. சாவிய மட்டும் திருப்பாதீங்க."

"காசிக்குப் போயிட்டு வந்தவன்கிட்ட பேசற பேச்சா இது?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் ஏழேகாலுக்கு இஞ்சின் உறுமியது. அதற்கு மறுநாளும் உறுமியது. நான் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் மனசு நோகும், விடு" என்றார். என் மனசு நோகுமா நோகாதா என்பது அவருடைய டிசைனில் இல்லை.

மூன்றாம் நாள் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பாவு, எங்கள் வாசலிலிருந்து தெருக்கோடி வரை. பத்துப் பேர் இரண்டு பக்கமும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அவர்களோடுதான் நின்றார். அதற்கு இரண்டடி தள்ளி, கற்பூரம் பார்த்த என் கார் ஓடிக்கொண்டிருந்தது. பாவு சுருட்ட இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். நான் படியிறங்கினேன். கதவைத் திறந்து, உட்காரக்கூட இல்லை, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். ஒரு பெரியவர், "ஐயய்ய, இன்னாமா இது" என்றார். மாமா என்னைப் பார்த்தார். கோபத்தைவிட அதில் பதற்றம்தான் அதிகம். நிஜமாகவே ஏதோ ஆகிவிடும் என்று அவர் பயந்தார்.

"இன்னிக்கு அந்த வண்டில போவாதேம்மா" என்றார்.

"இந்த வண்டிலதான் போவேன் மாமா. பாவு சுருட்டினதும் போவேன்."

நான் தைரியசாலி இல்லை. இருபது நிமிடமும் அந்த வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பாவு சுருட்டியதும் சாவியைப் போட்டேன், அரை நிமிடம் பொறுத்தேன், கிளம்பினேன். பாலாற்றுப் பாலத்தில் ஒரு பஸ் நெருங்கி வந்தபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது உண்மை. எட்டு வருஷம் அவர் கற்பூரத்துக்குக் கீழே ஓட்டியிருக்கிறேன், அவ்வளவு எளிதில் பயம் போய்விடுமா? பள்ளிக்குப் போனேன், பின்னங்களைக் கூட்டச் சொல்லிக் கொடுத்தேன், மாலையில் திரும்பி வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வாசலில் மாமா நின்றிருந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று சாவியை நான் பூஜை அறை ஆணியில் மாட்டவில்லை. என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை.

சாவி என் பைக்கு வந்த அன்றே டேங்க் நிரப்பியிருந்தேன்; பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் கடைசி அளவு. சாட்சிக்கு மாமாவின் மகனையே கூட்டிப்போனேன். பங்க் அம்மா முதல் நிறுத்தத்தில் கையை எடுத்துக்கொண்டார். அவனே போனில் வகுத்தான். இந்தத் தடவையும் பத்தொன்பதரை. "சித்தி, வேற லெவல்" என்றான்.

ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அவனே அப்பாவிடம் சொன்னான். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா ஒப்புக்கொள்ள மாட்டார், முள்ளைக் காட்டி வாதாடுவார் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வாதாடவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பத்தொம்போதரையா? பரவால்லியேம்மா! அப்படின்னா வெளியாளுக்கு ஏன் விக்கணும்? இவனே வச்சிக்கட்டும். சேலைய எடுத்துக்கினு மெட்ராஸ், பெங்களூர்னு போறதுக்கு இவனுக்கு வண்டி வேணும். இவ்ளோ மைலேஜ் குடுக்கற வண்டி எங்க கெடைக்கும்? நீதான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுல போயிடலாமே."

குத்தலே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. மூன்று மாதம் நான் காலைக் கட்டி, கண்ணை ரோட்டிலேயே நட்டு, டிப்பர்காரன் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு ஏற்றிய மைலேஜ், அவர் மகனுக்குச் சீதனமாகப் போகத் தயாராகிவிட்டது. என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"மாமா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு வண்டிய எடுக்கப் பாத்தீங்க. இப்போ ஓட்டத் தெரியுதுன்னு எடுக்கப் பாக்கறீங்க. ரெண்டுக்கும் ஒரே பதில்தான். தரமாட்டேன்."

"இன்னாமா, வீட்டு வண்டிதானே..."

"வீட்டு வண்டி இல்ல. என் வண்டி. என் சம்பளத்துல வாங்கினது, என் பேர்ல இருக்குது, நான் ஓட்டறேன். பதினெட்டு வந்தாலும் நான்தான் ஓட்டுவேன், எட்டு வந்தாலும் நான்தான் ஓட்டுவேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினேன். "நீங்களும் கேட்டுக்கோங்க."

நான் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மறுசோறும் போட்டுக்கொண்டேன்.

உத்திரம் கழிந்து பள்ளி திறந்த காலையில், மாகறலுக்கு முன்னால் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. அறுபதில் போய்க்கொண்டிருந்தவள் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினேன். இஞ்சின் கத்தியது. முள் எழுபது, எண்பது என்று ஏறித் தொண்ணூறைத் தொட்டது. ஜன்னலை இறக்கிவிட்டேன், காற்று புடவைத் தலைப்பைப் பின்சீட்டுக்கு வீசியது. அன்றைக்கு எவ்வளவு டீசல் போனதென்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.